ரயில் மேட்டுக்கு மேற்கே

தம்பியின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நல்லபடியாக முடிந்து, எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் சாய்ந்திருந்த நேரம். தம்பி மகன் கேட்டான்: "அத்தை, மாயவரத்துக்கு நெனச்ச நேரம் பஸ் இருக்கு. வீட்டுக்கு வீடு வண்டி இருக்கு. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி மூடின ரயிலத் திரும்பப் போடுங்கன்னு இன்னும் மனு எழுதிட்டிருக்கீங்களே, யாரு அத்தை ஏறுவா?" அவன் கேலியாகக் கேட்கவில்லை. சென்னையில் கணக்கு வழக்குப் பார்க்கிற வேலை, எதையும் வரவு செலவாகப் பார்த்துப் பழகியவன். ஏதோ பதில் சொன்னேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே போதவில்லை. அதற்குப் பிறகு கொல்லையில் களை பிடுங்கும்போதும், காலையில் மழை அளக்கப் போகும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்துகொண்டிருக்கிறது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பாதையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மாயவரம் (மயிலாடுதுறை) ஜங்ஷனில் பிரிந்து மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று போய்த் தரங்கம்பாடியில் முடியும் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி குறைந்த பழைய வகை) பாதை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1926இல் வந்தது, 1986இல் நின்றது. (1915இல் காந்தி தில்லையாடிக்கு வந்தபோது ரயில் கிடையாது. அவர் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்திருந்தால் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பார் என்று எங்கள் அப்பா ஆசையாகச் சொல்வார்.) எங்கள் ஊர் ஆக்கூருக்கும் திருக்கடையூருக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டுக் கொல்லை முடிகிற இடத்தில் ரயில் மேடு தொடங்கும். தண்டவாளம், கட்டை, கைகாட்டி மரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேடு மட்டும் அப்படியே கிடக்கிறது. ஆடு மேய்க்கவும், நெல் காயவைக்கவும், மழைக்காலத்தில் கால் நனையாமல் நடக்கவும் ஊருக்கு அதுதான் இடம்.

நான் கல்லூரிக்குப் போனது அந்த ரயிலில். எழுபதுகளின் பிற்பாதி. எங்கள் தெருவிலிருந்து மாயவரத்துக்குப் படிக்கப் போன முதல் பெண் நான். அப்பாவை விட அப்பாயிதான் வீட்டில் முடிவெடுப்பவர். அவர் சரி என்று சொன்னதற்கு ஒரே காரணம் ரயில். "நம்ம ஊர்ப் புள்ளைங்களோட ஏறி நம்ம ஊர்ப் புள்ளைங்களோட எறங்கப் போவுது, இதுல என்ன பயம்" என்றார். பெண்கள் பெட்டியில் ஆக்கூர் டீச்சர்கள் இருப்பார்கள், தரங்கம்பாடியிலிருந்து வரும் மீன்காரம்மாக்கள் கூடையோடு கடைசிப் பெட்டியில் இருப்பார்கள், யார் வீட்டுப் பெண் எந்த ஸ்டேஷனில் ஏறவில்லை என்பது மொத்த ரயிலுக்கும் தெரியும். சீசன் டிக்கெட் விலை அப்பாவின் கைக்கு அடங்கியது. ரயில் நின்றபோது நான் ஆசிரியர் வேலைக்குப் போய்விட்டேன், எனக்கு நஷ்டமில்லை. ஆனால் அதன் பிறகு என்னிடம் படித்த பெண்களில் எத்தனையோ பேரைப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். நிறுத்திய அப்பாக்களிடம் நான் போய்ப் பேசியிருக்கிறேன். பஸ்ஸில் நெருக்கடி, இருட்டிய பிறகு தனியாக இறங்க வேண்டும், வரும் நேரத்துக்கு உத்தரவாதமில்லை, இவைதான் அவர்கள் சொன்ன காரணங்கள். எல்லாவற்றுக்கும் ரயில் நின்றதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் அப்பாயி கையில் இருந்த அந்த ஒரு வாதம் அந்த அப்பாக்களின் கையில் இல்லை.

யார் ஏறுவார்கள் என்று தம்பி மகன் கேட்டதற்குள் வருமானம் வருமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கும் இந்த மண்ணிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் ரயில் வந்ததே, அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு ரயிலுக்கென்று ஒரு வரியும் சேர்த்து வாங்கி, அந்தப் பணத்தில் போட்டார்கள். அதாவது, நெல் விளைவித்தவர்கள் கொடுத்த காசில் வந்த ரயில் அது. லாபம் கணக்குப் பார்த்து வெளியிலிருந்து யாரோ கொடுத்த தருமம் இல்லை.

காலை எட்டரை மணி

ரயில் ஒரு பக்கம் இருக்கட்டும், மழைக்கு வருகிறேன். புவியியல் நடத்தியவள் என்பதால் மழை அளக்கும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு, பள்ளிக்கூட அவசரத்தில் காலை எட்டரை மணிக்கு வீட்டில் நிற்க முடியாது என்பதால் நடக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு செய்த முதல் காரியம் ஒரு மழைமானி வாங்கிக் கொல்லையில், மரமும் கூரையும் மறைக்காத இடமாகப் பார்த்து நட்டதுதான். நாடு முழுக்க வானிலைக்காரர்கள் காலை 8.30 மணிக்குத்தான் அளக்கிறார்கள். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்தது இன்றைய கணக்கு. 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை மழை நாள் என்று சேர்ப்பார்கள். நானும் அதே நேரம், அதே கணக்கு. இல்லாவிட்டால் என் நோட்டிலுள்ள எண்ணை வேறு ஊர் எண்ணோடு ஒப்பிட முடியாது.

என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். அவருக்குத் தோட்டம்தான் எல்லாம். ஆடியில் அவரை ஊன்றுவார், பந்தல் போடுவார், புரட்டாசி முழுக்க வெறும் கொடியும் இலையுமாக அது படர்ந்துகொண்டே போகும். பகல் பொழுது சுருங்கினால்தான் நாட்டு அவரை பூக்கும். ஐப்பசி கார்த்திகையில் பூ வந்து, மார்கழிப் பனியில் காய் குலுங்கி, தையில் தெருவுக்கே கொடுத்து மாளாது. ஆக, அவரை பூக்கிற காலமும் அடைமழைக் காலமும் ஒன்று. எங்கள் கொல்லை களிமண், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அதனால் பந்தலை மேட்டின் அடிச் சரிவை ஒட்டிப் போட்டார். அறுபது வருஷம் நிலக்கரி எஞ்சின் ஓடிய இடம், சாம்பலும் ஜல்லித் தூளும் கலந்த மண், தண்ணீரை உடனே விட்டுவிடும். மற்றவர்கள் கொல்லையில் புடலையும் பாகலும் மஞ்சளாகி விழுகிற வருஷங்களிலும் எங்கள் பந்தல் பச்சையாக நிற்கும். அந்தச் சரிவு எங்கள் பட்டாவில் இல்லை. ரயில் வந்தால் அந்தப் பந்தல் போகும். இது வீட்டில் பேசி முடித்த விஷயம், அவருக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு.

நோட்டில் மழை எண்ணை எழுதிவிட்டு வானம், காற்றின் திசை, எறும்பு, ஈசல் எல்லாம் குறித்து வைப்பேன். அந்தியில் ஈசல் பறந்தால் அடைமழைக்கு அச்சாரம் என்பார்கள். பல தடவை சரியாக இருந்திருக்கிறது. கொண்டல் காற்று நின்று, புழுக்கம் ஏறி, தட்டான்கள் தாழ வந்தால் துணியை எடுத்து உள்ளே போட்டுவிடுவேன். காரைக்கால் ரேடார் படத்தையும் கைபேசியில் பார்ப்பேன். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

2022 நவம்பர்

சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டிய அந்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் 11ஆம் தேதி இரவு. இடி இல்லை, பெரிய காற்று இல்லை, ஒரே சீராகக் கொட்டியது. எங்கள் பக்கம் சீர்காழி அளவுக்கு இல்லை என்றாலும், காலையில் அளவுக் குவளையை நிரப்பி நிரப்பிக் கொட்டிக் கூட்டியபோது 20 செ.மீ.யைத் தாண்டியிருந்தது. கை நடுங்கியது. அந்த எண்ணை எழுதிவிட்டு, ஆசிரியர் புத்தி போகுமா, பக்கத்திலேயே பெருக்கிப் பார்த்தேன். ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 20 செ.மீ. மழை என்றால் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். இருபது மா சேர்ந்த ஒரு வேலிக்கு 54 லட்சம் லிட்டர். சீர்காழிக் கணக்குப்படி என்றால் ஒரு வேலிக்கு ஒரு கோடியே 18 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு தண்ணீரும் ஒரே இரவில் வந்து, கிழக்கே கடலுக்குப் போக வேண்டும். நிலமோ தட்டையானது.

மழை விட்டதும் மேட்டின் மேல் ஏறி நின்றோம். மேற்கே பார்த்தால் சம்பா வயல் முழுக்க ஏரி. நாற்று நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர், நுனிகூடத் தெரியவில்லை. கிழக்கே திரும்பினால் அங்கும் தண்ணீர்தான், ஆனால் பயிரின் தலை தெரிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மட்டம், இந்தப் பக்கம் ஒரு மட்டம். நடுவில் ஒரு மூன்று கண் பாலம், செங்கல் வளைவு, பாதை போட்ட காலத்தில் கட்டியது. அதில் ஒரு கண் வழியாகத் தண்ணீர் உறுமிக்கொண்டு பீறிட்டது. இன்னொரு கண்ணில் ஆகாயத் தாமரை அடைத்திருந்தது. மூன்றாவது கண் மண்ணுக்குள் இருந்தது, வளைவின் உச்சி மட்டும் தெரிந்தது.

பக்கத்து வயல்காரர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். என் பழைய மாணவனின் அப்பா. நான் என்ன சொல்வது என்று தெரியாமல், இருபதுக்கு மேல் பெய்திருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்தபடியே சொன்னார்: "மழ எவ்வளவு பேஞ்சுதுன்னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க டீச்சர். தண்ணி எத்தன நாள் நின்னுச்சுன்னு யாரு எழுதறது?"

மேட்டைவிட்டு இறங்கும்போது, இன்னொன்றும் சொன்னார். "ரயில் வரட்டும், வேணாங்கல. இந்த மேட்ட இன்னும் ஒசத்திப் போட்டாங்கன்னா எங்க வயலு கொளந்தான்."

அந்த இரண்டு வாக்கியங்களும் என்னைக் குடைந்த மாதிரி எதுவும் குடைந்ததில்லை. மழை எண்ணை வைத்துக்கொண்டு விவசாயிக்கு ஒன்றும் ஆகாது. பயிரை அழுகவைப்பது மழையின் அளவு இல்லை, வடியாமல் நிற்கும் நாள்கள். நாலைந்து நாள் மூழ்கிக் கிடந்தால் இளம்பயிர் போய்விடும். அதே மழை, வடிகால் சரியாக இருந்து இரண்டு நாளில் வடிந்தால் பயிர் நிமிர்ந்துகொள்ளும், மேலுரம் போட்டுத் தேற்றிவிடலாம். அன்றிலிருந்து என் நோட்டில் ஒரு பத்தி கூடியது: தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மட்டத்தில், எப்போது வடிந்தது. வீட்டுக்காரர் இரண்டு மூங்கில் கழிகளில் கோடு போட்டு, பாலத்துக்கு மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று நட்டார். எட்டரைக்கு மழை அளந்த கையோடு கழிகளையும் பார்த்துவிட்டு வருவோம். பெரிய மழை பெய்த நாள்களில் மேற்குக் கழி கிழக்குக் கழியைவிட ஒரு சாண், சில சமயம் அதற்கு மேலும் கூடுதல் காட்டும்.

கேங்மேன்கள் போன பிறகு

பாதை இருந்த காலத்தில் இந்தப் பகுதியில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்பு ஆளாக, வேலை பார்த்தவர் ஒருவர் ஆக்கூர்ப் பக்கம் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, நினைவு தெளிவாக இருக்கிறது. அவரிடம் போய் மூன்று கண் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "மூணு கண்ணும் தெறந்துதான் இருக்கா?" என்பதுதான். புரட்டாசி முடிவதற்குள் ஒவ்வொரு பாலத்துக்குக் கீழேயும் இறங்கி மண்ணை வெட்டி எடுப்பது, செடியை அரித்துப் போடுவது, கண்ணை வாய்க்கால் மட்டத்துக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலையில் ஒன்று. மழைக்காலத்துக்கு முன் பாலங்களின் நீர்வழியைச் சுத்தம் செய்வது ரயில்வேயில் வருஷா வருஷம் நடக்க வேண்டிய காரியம், பாதைக்குக் கீழே கரை அரித்துப் போனால் ரயில் கவிழும் என்பதற்காகச் செய்வது. மழை கொட்டும் இரவுகளில் விளக்கோடு பாதை நெடுக நடந்து பார்ப்பார்களாம். வயலுக்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. ஆனால் வயல் அதனால் பிழைத்தது.

1986க்குப் பிறகு ரயிலோடு அந்த ஆட்களும் போனார்கள். மேடு மட்டும் நின்றது. நான் இத்தனை நாள் ரயில் போய்விட்டதே என்று ஏங்கினேன். ரயில் போனபோது மேட்டையும் யாராவது எடுத்திருந்தால் தண்ணீருக்குப் பாதி தொல்லை இருந்திருக்காது, மேட்டை விட்டது என்றால் அதைப் பார்த்துக்கொள்ள ஆளையும் விட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், வயலுக்குக் குறுக்கே ஒரு கரை மட்டும், கண்கள் தூர்ந்துபோய், நாற்பது வருஷமாக நிற்கிறது. ஆக்கூரைத் தாண்டிப் பாதை தெற்கே சாய்கிறது, வாய்க்கால்களோ கிழக்கே ஓடுகின்றன. அந்தச் சாய்வில்தான் எங்கள் ஊர் மாட்டிக்கொண்டது. இங்கே கண்ணை அடைத்தால் மேற்கே தேங்கும். அதோடு கடலும் கைவிடும் நாள்கள் உண்டு, கிழக்குக் காற்று ஓங்கி அடிக்கும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்காது, கடல் வாங்கவில்லை என்பார்கள். அந்த நாள்களில் ஒவ்வொரு கண்ணும் முக்கியம்.

2023 புரட்டாசியில் வயல்காரர்கள் கூடி ஆளுக்கு இத்தனை என்று போட்டு, ஆகாயத் தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அரித்து, மண்மூடிய கண்ணை முக்கால்வாசி திறந்தார்கள். அந்த வருஷம் நல்ல மழை வந்த நாள்களில் கழிகளுக்கு இடையிலான வித்தியாசம் நாலு விரலுக்குக் குறைந்தது. அடுத்த வருஷம் யாரும் செய்யவில்லை, திரும்பவும் சாண் ஆனது. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பாதைகள் திரும்பி வராமல் இல்லை. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் அகலப் பாதையில் மறுபடி ரயில் வந்தது. எங்கள் பாதையைப் போலவே எண்பதுகளில் மூடப்பட்ட பேரளம் – காரைக்கால் பாதையைப் புதிதாகப் போட்டு 2025இல் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். பக்கத்து வீட்டில் விளக்கேற்றியது போல இருந்தது எங்களுக்கு. வீட்டுக்காரரும் நானும் அந்தப் புதுக் கரையைப் பார்க்கப் போனோம். அவர் தண்டவாளத்தையும் மின்கம்பத்தையும் பார்த்தார், நான் கரைக்குக் கீழே எத்தனை திறப்பு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தேன்.

தம்பி மகனுக்கு இப்போது சொல்வேன்: ரயில் வேண்டும். யார் ஏறுவார்கள் என்றால், கல்லூரிக்குப் போகும் பெண்கள் ஏறுவார்கள், வண்டி ஓட்ட முடியாத என் வயதுக்காரர்கள் மாயவரத்துக்கு டாக்டரைப் பார்க்க ஏறுவார்கள், அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் ஊர் ஊராகத் திருக்கடையூர் வருகிறவர்கள் ஏறுவார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், ரயில் ஓடினால்தான் அந்த மேட்டுக்கு ஒரு சொந்தக்காரர் வருவார், புரட்டாசியில் கண்ணைத் திறக்க ஆள் வரும். ரயில் வேண்டுமா வயல் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில். ஓடாத பாதைதான் இப்போது வயலைக் கெடுக்கிறது.

ஆனால் பக்கத்து வயல்காரரின் பயம் நியாயமானது. அகலப் பாதை என்றால் கரை அகலமாகும், உயரும். பழைய மூன்று கண்ணை 1926 மழைக்குக் கட்டினார்கள். அதே அளவில் கான்கிரீட்டில் மாற்றிக் கட்டினால் 2022 மழைக்குப் போதாது. அதனால் என் மனுவை மாற்றி எழுதியிருக்கிறேன். முன்பு அதில் பயணிகள் கணக்கும் கோயில் கணக்கும் மட்டும் இருந்தன. இப்போது கழி அளவுகள் இருக்கின்றன. ரயில் பாலங்களின் தூண்களில் அதிகபட்ச வெள்ள மட்டத்தை வருஷத்தோடு பெயிண்டால் எழுதி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். புதுப் பாலம் கட்டினால் அதில் 2022 நவம்பர் மட்டத்தைக் குறித்து, அதற்கு மேல் இடம் விட்டுத் திறப்பு வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வயலுக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதைகளை லெவல் கிராசிங் வேண்டாமென்று மேட்டுக்குக் கீழே பள்ளம் தோண்டிக் கொண்டுபோகக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். இந்தத் தட்டை நிலத்தில் பள்ளம் தோண்டினால் ஐப்பசியிலிருந்து தை வரை அது குட்டைதான்.

இந்த வருஷம் ஆடியில் வீட்டுக்காரர் அவரை விதையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிணற்றடியில், கூடை கூடையாக மணலும் சாம்பலும் கொட்டி உயர்த்திய பாத்தியில் ஊன்றியிருக்கிறார். மேட்டுச் சரிவுப் பந்தல் போனால் அங்கே வருமா என்று பார்க்கிறார். கொடி ஏறிவிட்டது, கார்த்திகையில் பூத்தால்தான் தெரியும்.

என் கையில் இருப்பது ஒரு பாலத்தின் கணக்கு மட்டும். செம்பனார்கோவிலிலிருந்து தரங்கம்பாடி வரை அந்த மேட்டில் இப்படி எத்தனையோ பாலங்கள், மதகுகள். தில்லையாடி, பொறையார் பக்கத்தில் ரயில் மேட்டை ஒட்டி வீடோ வயலோ இருப்பவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் பக்கத்துப் பாலத்தில் எத்தனை கண், எத்தனை திறந்திருக்கிறது, 2022இல் தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று பார்த்துச் சொல்லுங்கள். சுவரில் கறை இன்னும் அழிந்திருக்காது. ஐப்பசிக்கு முன்னால் இரண்டு கழிகளும் நட்டுவிட்டால் இந்த மழைக்கே அளக்க ஆரம்பிக்கலாம்.